பழைய துப்பாக்கிப் பேரேடுகளை மின்னிலக்கமாக்குவது: ‘மேற்படி’ போட்ட இடத்தில் என்ன எழுதுவது?

பேரேட்டுப்பிள்ளை | சனி, இரவு 9.40

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா 1950களில் சிங்கப்பூர்க் காவல்துறையில் இருந்தார். போன மாதம் அத்தை வீடு மாறியபோது அலமாரியின் அடித்தட்டில் அவருடைய பாக்கெட் நாட்குறிப்புகள் இரண்டு கிடைத்தன. 1954, 1955. பெரும்பாலும் சம்பளக் கணக்கு, மளிகை, ஊருக்கு அனுப்பிய பணம். ஆனால் வேலைக்குப் போன நாள்களில் ஓரத்தில் ஒரு எண் இருக்கிறது. சில நாள்களில் எண்ணுக்குப் பதில் ௸ குறி, அதாவது ‘மேற்படி’, மேலே எழுதியதேதான். அப்பாவிடம் கேட்டேன். “அது துப்பாக்கி நம்பர். ஆயுதக் கிடங்கில் கையெழுத்துப் போட்டு வாங்கணும், வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுக்கணும். நம்பர் மாறினா பதில் சொல்லணும். அதான் எழுதி வெச்சிருக்கார்” என்றார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்றும் சொன்னார். நாட்குறிப்பிலும் எண்ணுக்கு முன்னால் “வெ. 4” என்று இருக்கிறது. நான் அதை “வெஸ்ஸன், 4 அங்குலக் குழல்” என்று அட்டவணையில் விரித்து எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். சேகரிப்பாளர்கள் இதற்கென்று ஓர் உலகமே வைத்திருக்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய ஆணைகள், கடிதங்கள், வரைபடங்களை மின்னிலக்கமாக்கும் வேலையை அதன் வரலாற்று அறக்கட்டளை செய்துவருகிறது. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அனுப்புகைப் பேரேட்டைப் பார்த்து அந்தத் துப்பாக்கி எந்தத் தேதியில், எந்த வடிவில், யாருக்குப் போனது என்று கடிதம் தருவார்கள். வின்செஸ்டரின் பழைய பேரேடுகள் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கும் எண்ணைச் சொன்னால் தேடித் தருகிறார்கள்.

நான் ஸ்கேன் செய்யும் தொழிலில் இருப்பவன். முதல் வேலையில் செட்டியார் கிட்டங்கி (வட்டித் தொழில் நடந்த இடம்) பேரேடுகளைப் படமெடுத்து அட்டவணை போட்டோம், மார்க்கெட் ஸ்திரீட் காலத்து ஏடுகள். பக்கத்துக்குப் பக்கம் ௸. மேலே பெயர் ஒரு முறைதான் வரும், கீழே இருபது வரிக்கு மேற்படி, மேற்படி. நான் வேலை பார்த்த நிறுவனம் குறியை மட்டும் அப்படியே தட்டச்சு செய்யச் சொன்னது. கடைசியில் பெயரைப் போட்டுத் தேடினால் இருபதில் ஒன்றுதான் அகப்பட்டது. துப்பாக்கி நிறுவனங்களின் ஆங்கிலப் பேரேடுகளிலும் இதே கதைதான். வாங்கியவர் பெயர் ஒருமுறை, கீழே எல்லாம் மேற்படிக் குறி.

இப்படிப்பட்ட ஏடுகளை எழுத்தாக்கும்போது உள்ளது உள்ளபடி எழுதுவதா, விரித்து எழுதுவதா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன்காரன் | சனி, இரவு 10.15

அடிப்படைக் கேள்வி அண்ணே. நம் ஊரில் துப்பாக்கி சேகரிப்பு என்ற பேச்சே கிடையாது. 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலே மரண தண்டனை, குண்டு யார்மேலும் படாவிட்டாலும் சரி. 2021இல் புதுச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. பொம்மைத் துப்பாக்கி நிஜம் போல இருந்தாலே அனுமதி கேட்கிறார்கள். இங்கே இருந்துகொண்டு இந்த ஆராய்ச்சி யாருக்கு?

இன்னொன்று, முக்கியமானது. தாத்தா அலமாரியில் பழைய தோட்டாவோ உறையோ கிடந்தால் தயவுசெய்து கையில் எடுக்காதீர்கள். காவல்துறைக்குச் சொல்லிவிடுங்கள். கட்டுமானத் தளங்களில் இன்றும் போர்க்காலக் குண்டுகள் கிடைக்கின்றன.

பேரேட்டுப்பிள்ளை | சனி, இரவு 10.32

நாட்குறிப்பு மட்டும்தான் தம்பி, வேறு எதுவும் இல்லை. பார்த்தேன்.

யாருக்கு என்றால், எனக்கு. துப்பாக்கி வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். தாத்தா இடுப்பில் ஒன்றரை வருஷம் இருந்த ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டது, எப்படி இந்தத் தீவுக்கு வந்தது என்று தெரிந்தால் போதும். 1955 மே 12, ஹாக் லீ பேருந்துக் கலவரத்து நாள். அன்றைக்கும் அந்த எண்தான் எழுதியிருக்கிறார். நம் ஊரில் பொருளை வைத்திருக்க முடியாது என்பதால்தான் காகிதம் இன்னும் பெரிதாகிறது. அமெரிக்காவில் ஒருவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஏட்டைத் தேடுகிறார். நமக்கு ஏடு மட்டும்தான்.

திருச்சி மாமா | ஞாயிறு, காலை 6.05

மகன் வீட்டில் புங்கோலில் இருக்கிறேன். திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1966இல் தொடங்கிய தொழிற்சாலை அது. உங்கள் பதிவைப் படித்தபின் தூக்கம் வரவில்லை.

தம்பி, எழுத்தாக்குவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வரிசை எண் பிறந்த தேதி அல்ல. எண்ணைத் துப்பாக்கியின் உடற்சட்டத்தில் அடிப்பது ஒரு நாள், பொருத்தி முடிப்பது ஒரு நாள், சுட்டுப் பார்ப்பது ஒரு நாள், பெட்டியில் வைத்து வெளியே அனுப்புவது இன்னொரு நாள். பரிசோதனையில் தேறாதது ஓரமாகப் போய் உட்காரும். அதற்குப் பின்னால் எண் வாங்கியது முன்னால் போய்விடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கிடங்கிலிருந்து எண் வரிசைப்படி அனுப்பியதே இல்லை. அடுத்தடுத்த எண்கள் இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இடைவெளி இருக்கும். “இந்த எண் இருந்தால் இந்த வருஷம்” என்று ஒரு பட்டியலைப் பார்த்துச் சொல்கிறார்களே, அது உத்தேசம்தான். சரியான தேதி அனுப்புகை ஏட்டில்தான் இருக்கும். அதனால் உங்கள் அட்டவணையில் ‘ஆண்டு’ என்று ஒரே கட்டம் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதி, எந்த ஏட்டில் எழுதிய தேதி என்று தனித்தனியாக வையுங்கள்.

இன்னொன்று. ஏடு தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த விக்டரி ரிவால்வர்கள் பெரும் எண்ணிக்கையில் பிரிட்டனுக்கும் அதன் நாடுகளுக்கும் போயின. நட்பு நாடுகளுக்குத் தளவாடம் கொடுக்க அமெரிக்கா 1941இல் கொண்டுவந்த கடன்குத்தகைச் சட்டத்தின் கீழ் போனவையும் உண்டு. அப்படிப் போன ஒன்றின் எண்ணைக் கொடுத்தால் பேரேடு சொல்வது பெரும்பாலும் ஒரு ராணுவக் கிடங்கின் பெயரை. அதற்குப் பிறகு கப்பல் எங்கே போனது, எந்தச் சிப்பாய் கையில் ஏறியது என்பதெல்லாம் அந்த ஏட்டில் இருக்காது.

உங்களுக்கு இரண்டு கேள்வி. எண்ணுக்கு முன்னால் விக்டரியைக் குறிக்கும் ஆங்கில ‘வி’ இருக்கிறதா? தாத்தா அதை எப்படித் திறப்பார் என்று அப்பாவுக்கு நினைவிருக்கிறதா?

காகிதப்பூச்சி | ஞாயிறு, காலை 11.20

நான் காகிதப் பாதுகாப்பு வேலை செய்தவள். எழுத்தாக்கத்துக்கு முந்தின கட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேயே பாதி போய்விடுகிறது.

அந்தக் காலத்துப் பேரேடு என்றால் தோல் அட்டை, கனத்த காகிதம், இரும்புச்சத்து கலந்த மை. அந்த மை நாளாக ஆகக் காகிதத்தைத் தின்னும், பழுப்பாக மாறும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் எடுத்தால் பழுப்பு மையும் பென்சிலும் சிவப்பு மையும் ஒரே கறுப்பாகிவிடும். திரும்பி வந்த சரக்கு, ரத்தான ஆணை, பழுது பார்க்க வந்தது, இவற்றைத் தனி மையிலோ பென்சிலிலோ குறித்த ஏடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வண்ணத்தில் எடுங்கள், அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில் எடுங்கள், பக்கத்தோடு வண்ண அட்டையும் அளவுகோலும் வையுங்கள். மூலக் கோப்பைச் சுருக்காத டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, பார்ப்பதற்குச் சின்னப் படம் தனியாகச் செய்யுங்கள்.

முக்கியம்: ஓரத்தை வெட்டாதீர்கள். ஒரு வேலையில் (இடம் சொல்ல மாட்டேன்) மென்பொருள் தானாக ஓரத்தை வெட்டிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. மூன்று மாத வேலை. ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த பெயர்கள் அத்தனையும் போயின. மறுபடி எடுக்கக் கேட்டபோது ஏடுகள் வேறு நாட்டுக்குப் போய்விட்டன.

இதில் உங்களுக்கு நேரடித் தொடர்பு உண்டு. குடியேற்ற நாட்டு அரசுகள் பலவும் தளவாடங்களை லண்டனிலிருந்த கிரௌன் ஏஜென்ட்ஸ் வழியாகத்தான் வாங்கின. பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஏட்டில் வாங்கியவர் என்ற கட்டத்தில் கிரௌன் ஏஜென்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், சிங்கப்பூர் என்ற சொல் எங்கே இருக்கும்? குறிப்பு எழுதும் ஓரத்தில்.

நகல் கடிதப் புத்தகங்களையும் மறக்காதீர்கள். மெல்லிய தாளை ஈரமாக்கிக் கடிதத்தின்மேல் வைத்து அழுத்தி எடுத்த பிரதிகள். எழுத்து பின்பக்கம் படிந்து தாள் வழியாகத் தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் வெள்ளை அட்டை வைத்துத்தான் படமெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு கடிதம் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். மெதுவான வேலை. அங்கேதான் விலை பேசியது, புகார், மாற்றிக் கேட்டது எல்லாம் இருக்கும். பேரேட்டில் ஒரு வரி, இதில் ஒரு கதை.

நாணயக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 2.48

நான் காசு, தபால்தலை சேர்ப்பவன். சேகரிப்பாளர் பக்கத்திலிருந்து ஒரு கவலை.

பேரேடு முழுவதையும் திறந்து வைத்தால் போலி செய்பவனுக்கு அது பாடப்புத்தகம். பேர்பெற்ற ஒருவருக்குப் போன எண் எது என்று பார்த்து, அதே மாடலில் சாதாரணமான ஒன்றில் அந்த எண்ணை அடித்துவிட்டால் விலை பல மடங்கு. கட்டணக் கடிதம் என்றால் கேட்டவர் யார் என்ற பதிவாவது இருக்கும். அந்தப் பணத்தில்தான் ஏடும் பாதுகாக்கப்படுகிறது. இலவசமாகக் கொடுங்கள் என்று சொல்வது எளிது, குளிர்சாதனக் கட்டணத்தை யார் கட்டுவது?

நடுவில் ஒரு விஷயம். நம் ஊரிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது பலருக்கு மறந்துவிட்டது. 1967இல் தொடங்கிய சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ். கோல்ட் நிறுவனத்தின் உரிமம் பெற்று எம்16 செய்தார்கள், தேசியச் சேவை செய்த நம் மாமாக்கள் பலரும் தூக்கியது அதைத்தான். அதே நிறுவனத்தின் கீழ்தான் 1968இல் சிங்கப்பூர் நாணயச் சாலையும் வந்தது. தோட்டா உறையும் சரி, காசும் சரி, உலோகத்தை அச்சில் வைத்து அழுத்திச் செய்வதுதான். என் அப்பா அங்கே கடைசல் பிரிவில் இருந்தார். அவர்கள் ஏடுகள் பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்டவை, அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தத் தலைமுறை ஆள்களின் பேச்சு இருக்கிறதே. 1979இலிருந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாறு பதிவு செய்கிறார்கள். அங்கே வேலை பார்த்த தமிழர்கள் எத்தனை பேர்! அப்பாவிடம் நான் கேட்டுப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டேன். அவர் போய்விட்டார்.

பேரேட்டுப்பிள்ளை | ஞாயிறு, மாலை 5.10

மூன்று பேருக்கும் நன்றி.

நாணயக்காரன் அண்ணே, அப்பா விஷயம் படித்துக் கஷ்டமாக இருந்தது. கட்டணம் பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஏட்டைக் காப்பாற்றுபவர்களுக்குப் பணம் வேண்டும். ஆனால் போலி பற்றி நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏடு மூடியிருந்தால் ஏமாறுவது வாங்குபவன்தான், விற்பவன் காட்டும் ஒரு தாளைத்தான் அவன் நம்ப வேண்டியிருக்கிறது. திறந்திருந்தால் குழல் நீளம், பூச்சு, பிடி, அனுப்பிய தேதி எல்லாவற்றையும் பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். ஒரே எண்ணில் இரண்டு பொருள் சந்தைக்கு வந்தால் நாலு பேர் கண்ணில் படும். கொடுத்த கடிதத்தில் தவறு இருந்தாலும் பக்கத்தின் படம் இருந்தால் தான் திருத்த முடியும். கையெழுத்தில் 1ஐயும் 7ஐயும், 3ஐயும் 8ஐயும் குழப்பாதவர் யார்? இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஒப்பிட்டாலே எத்தனையோ தவறு அகப்படும்.

அத்தோடு இருப்பதே கொஞ்சம். 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபர்டில் கோல்ட் தொழிற்சாலை தீப்பிடித்ததில் எவ்வளவோ போயிற்று. வின்செஸ்டர் 1894 மாடல் 7 மில்லியனுக்கும் மேல் செய்தார்கள், கோடி ஊர் அருங்காட்சியகத்தில் ஏடு இருப்பது 353,999ஆம் எண் வரைக்கும்தான். மிச்சமிருப்பதை ஒரே இடத்தில் ஒரே பிரதியாகப் பூட்டி வைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஆள்களின் பெயர் வரும் பிற்காலப் பக்கங்களை மூடி வைக்கட்டும், அது வேறு. 1890இல் வாங்கியவரின் பெயரை யாரிடமிருந்து மறைக்கிறோம்?

மாமா, எண்ணுக்கு முன்னால் ‘வி’ இல்லை. அப்பாவுக்கு இன்று போன் செய்து கேட்கிறேன்.

நாணயக்காரன் | ஞாயிறு, மாலை 5.36

1890 சரி. நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டியலைத் திறந்து வைத்து, பக்கப் படத்துக்கு மட்டும் சிறு கட்டணம் என்பதுதான் நடக்கக்கூடிய வழி என்று நினைக்கிறேன். இதில் நாம் வேறுபடுவோம், பரவாயில்லை.

பேரேட்டுப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8.55

அப்பாவிடம் பேசிவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஒருமுறை ஸ்டேஷன்ல காட்டினார். வாழைப்பழத்தை ஒடிக்கிற மாதிரி நடுவுல ஒடிச்சார். குண்டு எல்லாம் ஒரேயடியா மேலே எழும்பி வந்துச்சு.”

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்று ஏன் சொன்னீர்கள் என்றேன். அவருக்குத் தெரிந்த ஒரே துப்பாக்கிப் பெயர் அதுதானாம்.

திருச்சி மாமா | ஞாயிறு, இரவு 9.12

நினைத்தேன். ஒடித்தார் என்றால் போர்க்கால ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இல்லை. அதில் தோட்டா வைக்கும் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். நடுவில் மடிந்து, தோட்டா உறைகள் ஒன்றாக எழும்புவது வெப்லி. பர்மிங்ஹமின் வெப்லி அண்ட் ஸ்காட். உங்கள் “வெ.” வெஸ்ஸன் அல்ல, வெப்லி. “4” அங்குலம் அல்ல, மார்க் 4 என்ற மாடல். சிங்கப்பூர்க் காவல்துறைக்கு அவர்கள் .38 மார்க் 4 கொடுத்திருக்கிறார்கள். அதில் மற்ற ரிவால்வர்களில் பொதுவாகப் பார்க்க முடியாத ஒன்று உண்டு. சுடாமல் தடுக்கிற பாதுகாப்பு விசை. ரிவால்வரில் அது அபூர்வம்.

நாட்குறிப்பில் அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

பேரேட்டுப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.30

மாமா, கை நடுங்குகிறது. எண்ணுக்குப் பிறகு சில நாள்களில் “பூ. உண்டு” என்று இருக்கிறது. நான் அதைப் “பூட்டு உண்டு, துப்பாக்கிப் பெட்டிக்குப் பூட்டு” என்று விரித்திருந்தேன். அந்தப் பூட்டு துப்பாக்கியிலேயே இருந்திருக்கிறது.

என் அட்டவணையில் மூன்று விரிவும் தப்பு. ‘உள்ளபடி’ என்ற கட்டம் இடத்தை அடைக்கிறதே என்று போன வாரம் நீக்கப் பார்த்தேன். நீக்கியிருந்தால் “வெஸ்ஸன், 4 அங்குலம், பெட்டிக்குப் பூட்டு” என்று மட்டும் மிஞ்சியிருக்கும். அதை வைத்து யாரும் வெப்லிக்குத் திரும்பி வந்திருக்க முடியாது. நானே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பேன்.

காகிதப்பூச்சி | ஞாயிறு, இரவு 9.47

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் உங்களிடமே வந்துவிட்டது. இரண்டு கட்டமும் வேண்டும். விரித்ததற்குப் பக்கத்தில் யார் விரித்தார், எந்தத் தேதியில் என்று மூன்றாவது கட்டமும் போடுங்கள். ௸ வருமிடத்தில் அது மேலே எந்த வரியைச் சுட்டுகிறது என்று வரி எண்ணையும் எழுதுங்கள். பக்கம் திரும்பும்போதுதான் மேற்படி தப்பாகும். புதுப் பக்கத்தின் முதல் வரியில் ௸ இருந்தால் முந்தின பக்கத்தின் கடைசி வரியைத் திரும்பப் படிக்காமல் விரிக்காதீர்கள்.

திருச்சி மாமா | ஞாயிறு, இரவு 10.02

பர்மிங்ஹம் சோதனைக் கூடம் 1813இலிருந்து இருக்கிறது. அங்கேயோ லண்டன் சோதனைக் கூடத்திலோ சுட்டுப் பார்த்து முத்திரை குத்தாமல் பிரிட்டனில் துப்பாக்கி சட்டப்படி பொது விற்பனைக்குப் போகாது. ஆண்டைச் சொல்லும் சங்கேத எழுத்தும் முத்திரையோடு வருவதுண்டு. பொருள் உங்களிடம் இல்லை, அதனால் முத்திரையைப் பார்க்க வழியில்லை. ஆனால் அதே எண் வரிசையில் இன்னொன்று எங்காவது அருங்காட்சியகத்தில் இருந்து, அவர்கள் முத்திரையோடு படம் எடுத்துப் போட்டிருந்தால் கிட்டத்தட்ட எந்த ஆண்டு என்று பிடிக்கலாம். நான் தேடுகிறேன். எனக்கு வேறு வேலை இல்லை.

ஈசூன்காரன் | திங்கள், காலை 7.25

யாருக்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்டேன். ரயிலில் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். என் பாட்டியின் அண்ணனும் போலீஸ்தான். இந்த வாரம் பாட்டி வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கப்போகிறேன், காகிதம் மட்டும்.

பேரேட்டுப்பிள்ளை | திங்கள், இரவு 11.15

இரண்டு நாட்குறிப்பையும் புதிதாக எழுதி முடித்தேன். அக்கா சொன்னபடி ௸ வரும் ஒவ்வொரு இடத்திலும் எந்த வரியைச் சுட்டுகிறது என்று போட்டேன். ஒரு வரியை மாதிரிக்கு வைக்கிறேன், எண்ணை மட்டும் இங்கே எழுதவில்லை.

1955 மே 13. உள்ளபடி: “௸. இரவும்.” விரிவு: வெப்லி மார்க் 4, மே 12இல் எழுதிய அதே எண், பாதுகாப்பு விசை உண்டு, இரவுப் பணியும். விரித்தவர்: பேரன்.

1954 மார்ச்சிலிருந்து 1955 செப்டம்பர் 2 வரை இடையில் எண் மாறவே இல்லை, எல்லா ௸களும் அந்த ஒரே எண்ணுக்குத்தான் போகின்றன. செப்டம்பர் 3இல் ௸ இல்லை. புது எண், அதன் கீழே இரண்டு கோடு.